தங்கச் சொட்டு

அந்துருண்டை வாசம் வீசும் பெட்டிக்குள் ஊசி குத்தி வைத்திருந்த சின்ன வண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, ஆராய்ச்சிக்காரர் சொன்னார்: "இது புது இனம். நிறம் பழுப்பு."

சின்ன வண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பழுப்பா? நான் தங்கம், அண்ணே! வள்ளிக்கிழங்குக் கொடியில வெயில் விழுந்தா, இலைமேல தங்கச் சொட்டு நிக்கிற மாதிரி இருப்பேன். உயிர் போனதும் நிறமும் போயிடுச்சு," என்று பக்கத்து ஊசியிலிருந்த கொம்பு வண்டிடம் புலம்பியது.

"நான்கூடத் தென்னந்தோப்புக்கே ராஜா. இங்க வந்த எல்லாரும் இதைத்தான் சொல்றோம். பேசாம கிட," என்றது கொம்பு வண்டு.

சின்ன வண்டால் கிடக்க முடியவில்லை. பனி கோத்த இலைகளையும், தங்கையோடு போட்டி போட்டுத் தின்ற ஓட்டைகளையும் நினைத்து நினைத்து உருகியது. தன் இனத்தில் ஒன்று உயிரோடு இங்கே வந்தால் போதும், மனுஷருக்கு உண்மை தெரிந்துவிடும் என்று ஏங்கியது.

ஒருநாள் குப்பிக்குள் தகதகவென்று வந்தது அதன் தங்கையேதான். ஆராய்ச்சிக்காரர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "அட, இது வேறே இனம்! நிறம் தங்கம்," என்றார் சந்தோஷமாக. தங்கைக்கும் ஓர் ஊசி கிடைத்தது.

ஏன்தான் ஏங்கினோமோ என்றிருந்தது அக்கா வண்டுக்கு.

சில நாளில் தங்கையின் முதுகும் மங்கிப் பழுப்பானது. "அக்கா, நான் எப்படி இருந்தேன்னு உனக்காவது ஞாபகம் இருக்கா?"

"இருக்குடி. வள்ளிக்கிழங்குக் கொடியில வெயில் விழும்..." என்று ஆரம்பித்தது அக்கா.

பக்கத்து ஊசியிலிருந்து கொம்பு வண்டு மெல்லக் கேட்டது: "அப்புறம்?"