ஒரு நூல்கூடப் பிசகாது

ஆசாரி கூலி மிச்சம் என்று, தானே திருகாணி முடுக்கிப் பூட்டிக்கொள்ளும் சமையலறை அலமாரிகளை வாங்கினார் தங்கவேலு. அளவெடுத்துக் கொடுத்த டேப்புக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

“சுவரை மூணு தடவை அளந்தாச்சு. ஒரு நூல்கூடப் பிசகாது,” என்றது, மூலையில் கிடந்த மர ஸ்டூலிடம். “உனக்குத்தான் இடமில்ல. நாளைக்குப் பழைய சாமான்காரர் வர்றார்.”

“சரி. நம்ம வீட்டம்மாவை அளந்தியா?”

“சமைக்கிறவங்களை எதுக்கு அளக்கணும்?”

மறுநாள் மதியத்துக்குள் அலமாரிகள் கச்சிதமாகச் சுவரில் ஏறிவிட்டன. ஸ்டூலும் வாசலில் நின்ற பழைய சாமான் வண்டியில் ஏறிவிட்டது.

தங்கவேலுவின் மனைவி பூங்கோதை மேல்தட்டிலிருந்த பருப்பு டப்பாவுக்குக் கையை நீட்டினாள். எம்பிப் பார்த்தும் எட்டவில்லை.

“ஏங்க, வண்டி போயிடப் போகுது! அந்த ஸ்டூலை இறக்குங்க!”

தங்கவேலு வாசலுக்கு ஓடினார். டேப் சத்தமில்லாமல் தன் கூட்டுக்குள் சுருண்டுகொண்டது.