வலது கண்ணில் உமி

தொழுநோயாளர் குடியிருப்பில் காலையில் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்த பிறகுதான் காப்பி. நோய் எப்போதோ குணமாகிவிட்டது. மூடாத இமைகளையும், தூசு விழுந்தாலும் உறுத்தாத கண்களையும் அது விட்டுவிட்டுப் போயிருந்தது. அன்று மிக்கேலின் வலது கருவிழியில் ஓர் உமி ஒட்டியிருந்ததைச் சவரியம்மா பார்த்தாள். சுற்றிலும் ரத்தச் சிவப்பு.

"நேத்து நெல்லு தூத்துற பக்கம் போனீங்களா?"

"சும்மா நின்னேன். காப்பி ஆறுது பாரு."

அவள் விரல்களிலும் உணர்ச்சியில்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. நாக்கை நம்பலாம். கணவனின் தலையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, நுனிநாக்கால் உமியை ஒற்றி எடுத்தாள். அவர் இமைக்கவில்லை. உமி இருந்த இடத்தில் பால் சிந்தியதுபோல ஒரு வெள்ளை.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"எதுக்கு? நல்லாத்தான தெரியுது."

இடது புறங்கையால் அவருடைய நல்ல கண்ணைப் பொத்தினாள்.

"என் வலது கையில எத்தனை விரல் தெரியுது, சொல்லுங்க."

"மூணு" என்றார் உடனே.

அந்தக் கையில் மிச்சமிருந்ததே மூன்று விரல்கள்தான். அவள் அதை இன்னும் தூக்கவே இல்லை.