டீச்சர்கிட்ட நான் பேசறேன்

"நாளையிலருந்து நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன். போ!"

பையைப் பாயில் விட்டெறிந்தாள் செலுகா. தேங்காய் துருவிக்கொண்டிருந்த லோசாவின் கை நின்றது.

"ஏன்டி, என்ன ஆச்சு?"

"அந்த டீச்சருக்கு என்னைப் பிடிக்கல."

அப்போதுதான் தென்னையிலிருந்து பதநீர் இறக்கிக்கொண்டு வந்த பேனி, வாசலிலேயே நின்றுவிட்டான். மகளைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான்.

"எந்த டீச்சர்?"

"இந்தத் தீவுல எத்தனை டீச்சர்ப்பா இருக்காங்க? ஒரே ஒரு ஆள்தானே!"

"சரி, அப்படி என்ன பண்ணிட்டாங்க?" மகளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள் லோசா.

"குழந்தைகள் ஞாயிறு அன்னைக்கு சர்ச்சுல யார் வசனம் சொல்றதுன்னு கேட்டாங்க. நான்தான் முதல்ல கை தூக்கினேன். என் தலைக்கு மேல எங்கேயோ பார்த்தாங்க. எக்கி நின்னு தூக்கினேன். 'வேற யாரு?'ன்னாங்க. வேற யாருமே தூக்கலம்மா! அப்பவும் வேற யாரு, வேற யாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இந்த இயோசெஃபா இருக்கானே, 'செலுகா, நீ கண்ணுக்கே தெரியல போல'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க."

"டீச்சரும் சிரிச்சாங்களா?"

"இல்ல. ஆனா சிரிக்காதீங்கன்னும் சொல்லல."

லோசா துருவலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் இப்படித்தான். நான் கணக்கு சரியாப் போட்டா 'ம்'னுட்டுப் போயிடுவாங்க. அதே கணக்கை இயோசெஃபா போட்டா எல்லாரையும் கைதட்டச் சொல்வாங்க. அதான் மத்தியானத்துக்கு மேல நான் கையே தூக்கல. இனிமேலும் தூக்கமாட்டேன். எனக்கு ஒண்ணும் வராது போல."

கடைசியாகச் சொன்னதை அவள் அழாமல்தான் சொன்னாள், வெளியே மழை வருகிறது என்று சொல்வதைப்போல. ஆனால் அம்மா ஏன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று அவளுக்குப் புரியவில்லை.

"அந்த டீச்சரை எனக்கு நல்லாத் தெரியும்" என்றான் பேனி, பதநீரைக் குவளையில் ஊற்றியபடி. "சரியான பிடிவாதக்காரி. யார் சொன்னாலும் கேக்கமாட்டாங்க. ஆனா ஒண்ணு, அழகா இருப்பாங்க."

தேங்காய் மூடி ஒன்று அவன் காதை உரசிக்கொண்டு பறந்தது.

"வாயை மூடிக்கிட்டு அந்த மீனைச் சுத்தம் பண்ணு பேனி!"

"இல்ல, நான் வேணா போய் ரெண்டு வார்த்தை கேக்கட்டுமா?"

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். டீச்சர்கிட்ட நான் பேசறேன்."

செலுகா நிமிர்ந்தாள். "திட்டுவியாம்மா?"

"திட்டுறேன்."

"நல்லாத் திட்டு. ஆனா ரொம்பத் திட்டாத. பாவம், சில நேரம் நல்லவங்கதான். எனக்கு முட்டியில அடிபட்டப்ப ஊதிவிட்டாங்க."

"ஊர் வாய்க்குப் பயந்திருப்பாங்களோ என்னவோ" என்றாள் லோசா மெல்ல.

"ஊர் வாய்க்குப் பயந்தா என் கையைப் பார்க்காம இருக்கணுமா? இது என்னம்மா நியாயம்?"

லோசா மறுபடி தேங்காய் துருவத் தொடங்கினாள்.

மறுநாள் காலை, கடலோரப் பாதையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள் செலுகா.

"பேசினியா?"

"பேசினேன். நீ தூங்கினப்புறம்."

"என்ன சொன்னாங்க?"

"முதல்ல ஏதேதோ சாக்கு சொன்னாங்க. அப்புறம் அழுதாங்க."

செலுகா நின்றேவிட்டாள். "டீச்சரெல்லாம் அழுவாங்களா?"

"அழுவாங்க."

கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தாள். "சரி. இன்னைக்கு ஒரே ஒரு தடவை கை தூக்கறேன். பார்க்கலேன்னா அவ்வளவுதான்."

பள்ளிக்கூடத்து கேட் வந்ததும், வழக்கம்போல அம்மாவின் கையை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

டீச்சர் கரும்பலகையில் தேதியை எழுதிவிட்டுத் திரும்பினார். "வசனம் சொல்ல யார் வரீங்க?"

செலுகாவின் கை காதுவரைக்கும்தான் எழுந்தது.

"செலுகா."

வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"நேத்து உன் கை எனக்குத் தெரிஞ்சுது. தெரியாத மாதிரி இருந்துட்டேன். அது என் தப்பு, மன்னிச்சிடு. அவங்க சிரிச்சப்ப நான் தடுத்திருக்கணும். அதுவும் தப்பு. எழுந்து சொல்லு."

எழுந்தாள். முதல் வார்த்தையை முணுமுணுத்தாள்.

"ஒண்ணுமே கேக்கல!" கடைசி வரிசையிலிருந்து இயோசெஃபா.

டீச்சர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விறுவிறுவென்று நடந்துபோய் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"தலைநகர் ஃபூனாஃபூட்டியிலருந்து கப்பல்ல வர்ற பாஸ்டர் இங்கதான் உட்கார்ந்திருக்கார்னு வெச்சுக்கோ. அவருக்குக் காது வேற மந்தம். அவசரமே இல்ல. ம், சொல்லு."

செலுகா சொன்னாள். முதல் வரி நடுங்கியது. இரண்டாவது வரி நிமிர்ந்தது. கடைசி வரியில், வெளியே மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த பன்றி தலையைத் தூக்கிப் பார்த்தது.

"போதும் டீச்சர், காது வலிக்குது!" என்றான் இயோசெஃபா. எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை செலுகாவும்தான்.

"ஞாயித்துக்கிழமை செலுகாதான் சொல்றா" என்றார் டீச்சர். "ஊர்ல யாராவது ஏதாவது பேசினா, என்கிட்ட நேரா வந்து கேக்கச் சொல்லுங்க."

மாலையில் மணி அடித்ததும் முதல் ஆளாக ஓடிய செலுகா, கேட்டைத் தாண்டி மரத்தடியில் நின்றுகொண்டாள். பிள்ளைகள் எல்லோரும் போனார்கள். உள்ளே டீச்சர் கரும்பலகையைத் துடைத்தார். ஜன்னல்களைச் சாத்தினார். கதவைப் பூட்டினார். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம்தான், ஆனால் கேட்டுக்கு உள்ளே வீட்டுப் பேச்சு கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

டீச்சரின் கால் கேட்டைத் தாண்டி வெளியே பட்டதுதான் தாமதம், பாய்ந்துபோய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா! நீ பேசினதுல டீச்சர் நல்லாவே திருந்திட்டாங்கம்மா!"