ஆட்சேபத்துக்குரிய குரல்

"எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க," என்றார் நகராட்சி அதிகாரி. சொன்னது எல்லாருக்கும். பார்த்தது குடியிருப்போர் சங்கத் தலைவரை மட்டும்.

தலைவர் வாயை மூடினார். தெருவில் பலருக்கு அது முதல் அனுபவம்.

அதிகாரியின் கையில் சத்தம் அளக்கும் கருவி, உள்ளங்கை அகலத்தில். தலைவர் வீட்டு வாசலில் நின்றபடி அதைப் பக்கத்து வீட்டை நோக்கி நீட்டினார்.

அந்த வீட்டின் முன்கூடத்தில்தான் மழலையர் பள்ளி. நடத்துகிற பெண்ணைத் தெருவே மிஸ் என்று கூப்பிடும். கூடம் நிரம்பி வழிகிறது. சாப்பிட உட்கார்ந்தால் ஒரு பிள்ளையின் முழங்கை அடுத்த பிள்ளையின் தட்டில் இருக்கும். மாடியையும் திறந்தால் இன்னொரு கூட்டத்தைச் சேர்க்கலாம் என்று அனுமதி கேட்டிருந்தாள். வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட தாய்மார்கள் வேலைக்குப் போக முடியாமல் காத்திருந்தார்கள்.

சத்தம் அதிகம் என்று இன்று முடிவானால் மாடிக்குப் பூட்டுதான்.

தலைவருக்கு அந்தப் பூட்டு வேண்டும். தெருவின் அமைதி, தெருவின் கௌரவம், தெருவின் எதிர்காலம் என்று மேடையில்லாமலே முழங்குவார். மாடியைப் பற்றித் தன்னிடம் முதலில் வந்து கேட்கவில்லை என்கிற காரணத்தை மட்டும் வெளியே சொல்வதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அவர் விடுவாரா, தெருவையே ஆபீஸாக்கிக்கொண்டார். பந்து விளையாடத் தடை, ஹாரன் அடிக்கத் தடை, சுவரில் சாயத் தடை. காகங்களுக்குத்தான் இன்னும் சுற்றறிக்கை போகவில்லை.

காலையில் சாப்பிட்டு எழுந்தால் தெருமுனைச் சங்க அறைக்குப் போய்விடுவார். மதியச் சாப்பாட்டுக்குத்தான் வீடு. அதற்குள் பள்ளி முடிந்து பிள்ளைகள் போயிருப்பார்கள். தான் இல்லாத நேரத்தில் கேட்கும் சத்தத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கருவி காத்திருந்தது.

உள்ளே ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

தடித்த குரல். மேலே போகும்போது லேசாகக் கரகரத்தது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் இன்னும் மேலே போனது. யானை ஒன்று செருப்பு வாங்கக் கிளம்புகிற பாட்டு. ஒவ்வொரு கடையிலும் யானை காலை நீட்டுகிறது. "பத்தல!" என்கிறார்கள் பிள்ளைகள், சேர்ந்து.

அதிகாரி கருவியைப் பார்த்தார். "அளவுக்குள்ளதான் சார் இருக்கு. பிள்ளைங்க சத்தமே பெருசா இல்ல. யாரோ ஒரு அம்மா பாடுறாங்க. நல்லாத்தான் பாடுறாங்க."

"அந்தம்மாவைத்தான் சார் சொல்றேன். பாட்டா இது? நல்ல குடும்பத்துப் பொம்பளை இப்படித் தொண்டை கிழியக் கத்துவாளா? வீட்ல அடக்க ஆளில்லாத கேஸா இருக்கும்."

"தலைவரே..." என்று ஆரம்பித்த செயலாளர் மீதியை மென்று விழுங்கினார். பொருளாளருக்குத் திடீரென்று தன் சட்டைப் பொத்தானில் ஏதோ கோளாறு தெரிந்தது. எதிர்வீட்டு டெய்லர் இருமினார். இருமல் அவ்வளவு நேரம் நீடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

பள்ளி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மிஸ் தரையைப் பார்த்தாள்.

ஊரே தன் பக்கம் என்று தலைவருக்குப் புரிந்துவிட்டது. குரலை இன்னும் உயர்த்தினார். ஒரு கூட்டம் பிள்ளைகளுக்கே இந்தக் கூத்து என்றால் மாடியையும் திறந்துவிட்டால் என்ன ஆகும்? மனிதர்கள் குடியிருப்பதா, ஊரைக் காலி செய்வதா?

அதிகாரிக்கு அடுத்த தெருவில் வேலை இருந்தது. "கருவியில ஒண்ணும் இல்ல சார். ஆனா ஒட்டின வீட்ல பகல் முழுக்க இருக்கிறவங்க யாராவது தொந்தரவா இருக்குன்னு நேர்ல சொன்னா நான் எழுதியாகணும். நீங்க பகல்ல இருக்கறதில்லையே."

மிஸ்ஸின் விரல்கள் கேட்டின் கம்பியை இறுக்கின.

தலைவர் சிரித்தார். இதற்கா பஞ்சம்.

"என் வீட்டுக்காரி இருக்காளே சார். நாள் பூரா உள்ளதான் கிடக்கிறா. இந்தச் சனியன் பிடிச்ச குரலைக் கேட்டுக் கேட்டே அவளுக்குத் தலைவலி. என்கிட்டச் சொல்லல. சொல்ல மாட்டா, அவளுக்கு வாயே கிடையாது. பார்த்தாலே தெரியும்ல."

செயலாளர் அவர் கையைத் தொட்டார். தலைவர் உதறினார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவியை அவர் இரண்டாம் தடவை கூப்பிட நேர்ந்ததில்லை. தன் வீட்டுக் கதவைப் பார்த்துத் திரும்பி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்.

"இந்தா, கொஞ்சம் வெளிய வா!"

கதவு அசையவில்லை.

பக்கத்து வீட்டில் பாட்டு நின்றது. யானை ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றது.

தெருவில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அதிகாரி மட்டும் மூடிக் கிடந்த கதவையும் பள்ளிச் சன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

சன்னலுக்கு உள்ளேயிருந்து அந்தத் தடித்த குரல், அவசரமே இல்லாமல், வந்தது.

"இருங்க, வரேன். யானைக்கு இன்னும் செருப்பு கிடைக்கல."

யானை அடுத்த கடைக்குள் நுழைந்தது.