நாலாவது மரம்

மலேசியாவின் கோலா கெத்திலில், பெர்னார்டின் ரப்பர் பால்மரத் தோட்டத்தில், போன வாரம் அடித்த காற்றுக்கு ஒரே நிரையில் மூன்று மரங்கள் வேரோடு சாய்ந்துவிட்டன. அப்புறப்படுத்த சிவநேசன் எக்ஸ்கவேட்டரோடு வந்திருந்தான்.

முதல் மரத்தைப் புரட்டினான். மண்ணில் அழுந்திக் கிடந்த பக்கத்தில், பால் எடுக்கப் பட்டையைப் புதிதாகச் சீவியிருந்தது. வழிந்த பால் உறைந்திருந்தது.

"அண்ணே, இத யாரு சீவுறா?"

"பத்து வருசமா சும்மா கெடக்குற மரம்லா, யாரு சீவுவா? சீக்கிரம் முடி தம்பி, மழ வருது" என்றார் பெர்னார்ட்.

இரண்டாவது மரத்திலும் மண்ணில் அழுந்திய பக்கம் சீவியிருந்தது. அதில் பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சிவநேசன் வண்டியை அடுத்த மரத்துக்கு நகர்த்தினான்.

மூன்றாவது மரத்தில் வெட்டு பாதி தூரம்தான் போயிருந்தது. சீவல் அறுந்து விழாமல் சுருண்டு தொங்கியது. பால் அப்போதுதான் அரும்பத் தொடங்கியிருந்தது.

இம்முறை பெர்னார்டும் பார்த்துவிட்டார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"தம்பி, இன்ஜின ஆஃப் பண்ணு. என்னமோ சத்தம் கேக்குது."

சிவநேசன் சாவியைத் திருப்பினான். தோட்டம் அடங்கியது. அந்த நிரையில் அதற்குமேல் மரம் இல்லை. அடுத்ததாக நின்றது அவனுடைய எக்ஸ்கவேட்டர்தான்.

அவன் இருக்கைக்கு நேர் கீழே, யாரோ நிதானமாக இரும்பைச் சீவிக்கொண்டிருந்தார்கள்.

சிவநேசன் இரண்டு கால்களையும் மெல்லத் தூக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டான்.