பெரட்டில் ஒரு பெயர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில், மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தை மூடியதும், துறைமுகத்தில் வேலை கிடைக்கும் என்று கோலசிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்குக் கடலோர மண் அணைமீது நடந்தோம். கங்காணி வீராசாமி, குப்பன், நான், கூடவே ஒரு நாய். நாயை வளர்த்த சடையன் போன மாதம் காய்ச்சலில் செத்துப்போனான்.

இரண்டாம் நாள் காலை ஒரே பனிமூட்டம். அணை உடைந்திருந்த இடத்தில் இறங்கியபோது கடல் ஓதம் ஏறிவிட்டது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

"பேர் கூப்பிடுங்க கங்காணியாரே! யாரு இருக்கான்னாவது தெரியட்டும்," என்று குப்பன் கத்தினான்.

பன்னிரண்டு வருடம் தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுத்த வரிசையிலேயே கங்காணி கூப்பிட்டார். நான் குரல் கொடுத்தேன். குப்பன் கொடுத்தான். வாய்ப்பழக்கத்தில் "சடையன்!" என்றும் கூப்பிட்டுவிட்டார்.

"இருக்கேன்லா," என்று இடப்பக்கமிருந்து பதில் வந்தது.

நாய் அந்தப் பக்கம் நீந்தியது. நாங்களும் போனோம். இருபதடியில் கெட்டித் தரை தட்டியது. ஏறித் திரும்பிப் பார்த்தால், பனி சற்று விலகியிருந்தது; நாங்கள் நின்ற இடத்தில் வெறும் கடல்.

கங்காணி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உசிரோட இருந்தப்ப ஒரு நாளும் மொதக் குரலுக்குப் பதில் சொன்னதில்லடா, இந்தப் பய."

"இனிமே எங்க வேலைக்குப் போனாலும் அவன் பேரையும் கூப்பிடுங்க," என்றான் குப்பன்.

"கூப்பிடுறேன்."

நாய் சற்றுத் தள்ளி, யாருமில்லாத இடத்தில் வாலாட்டிக்கொண்டு நின்றது. அதன் தலையில் ஈர மயிர் பின்பக்கமாகப் படிந்து எழுந்தது. மறுபடியும் மெதுவாகப் படிந்தது.