மூன்றாவது குரலுக்கு

"அனிபால் மெஹியா."

பதில் இல்லை.

"அனிபால் மெஹியா."

ஆள் காணாமல் போய்விடவில்லை. படகுக்குப் பக்கத்திலேயே, நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சாய்வு நாற்காலியில் கிடப்பவர் போலக் கடலில் சுகமாக மிதந்துகொண்டிருந்தார். படகோட்டி ஆர்லன் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறையும் கூப்பிட்டான்.

"அனிபால் மெஹியா."

"இருக்கேன்," என்றார் பெரியவர்.

ஹோண்டுராஸ் கரையை விட்டு வெகுதூரம் தள்ளிக் கிடக்கும் குட்டித் தீவு அது. இருப்பது ஒரே ஒரு டைவிங் விடுதி. அங்கே படகிலிருந்து யார் கடலில் இறங்கினாலும், திரும்பும் முன் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட வேண்டும். கண்ணால் பார்த்தது கணக்கில்லை, அவரவர் வாயால் பதில் வர வேண்டும். அதுவரை படகு நகரக் கூடாது. முதலாளி போட்ட சட்டம்.

சீசனில் படகு நிறைய ஆள் இருக்கும்போது அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. இதுவோ அக்டோபர் மழை. விடுதியில் இவர் ஒருவர்தான். வருஷா வருஷம் யாரும் எட்டிப் பார்க்காத இந்த மாதத்தில்தான் தலைநகரிலிருந்து வந்து இறங்குவார். டாங்க் கட்டி ஆழத்துக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு மேலாக மிதப்பதோடு சரி.

"காது மந்தமோ என்னவோ," என்றாள் வெல்டா, தேங்காய் ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்தபடி. விடுதியின் சமையல்காரி, ஆர்லனுக்கு அக்கா.

"காதா? நேத்து அவர் முதுகுக்குப் பின்னாடி நின்னு, 'வறுத்த மீன் இன்னொண்ணு இருக்கு'ன்னு முணுமுணுத்தேன். தட்டை நீட்டிட்டாரு. பாம்புக் காது அக்கா அவருக்கு."

"அப்புறம் ஏன்டா பேசாம கிடக்காரு?"

"திமிரு. படகோட்டிதானே, தொண்டை கிழியக் கத்தட்டும்னு. ஒருநாள் 'லிசென்சியாடோ, வந்தாச்சா?'ன்னு மரியாதையா கேட்டேன். உடனே 'ம்'னாரு. சரி, வழிக்கு வந்துட்டாருன்னு பாத்தா, 'தம்பி, பேரைச் சொல்லிக் கூப்பிடணும்னுதானே உங்க சட்டம்?'ங்கிறாரு. மறுபடி முதல்லேருந்து மூணு தடவை."

படித்து உத்தியோகம் பார்த்தவர்களை அந்த நாட்டில் லிசென்சியாடோ என்றுதான் அழைப்பார்கள். பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறவர்கள் உண்டு. பேரைச் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

வெல்டா கூடத்தை எட்டிப் பார்த்தாள். நீண்ட சாப்பாட்டு மேசையின் ஒரு கோடியில் பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் அவருடைய போன். வந்த நாளிலிருந்து அது ஒருமுறைகூட அடித்து அவள் கேட்டதில்லை.

"எனக்கு அதில்லடா கவலை," என்றாள். "ஒருநாள் நெஜமாவே தண்ணிக்குள்ள முங்கிப் போயிருப்பாரு. வழக்கமான நாடகம்னு நீ பேசாம உக்காந்திருப்ப. அப்புறம் அந்த உயிருக்கு யாரு பதில் சொல்றது?"

ஆர்லன் ரொட்டிக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். அவன் அதை நினைத்தே பார்த்ததில்லை.

கடைசி நாள், பவளத்திட்டுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தியிருந்தபோது கிழக்கே வானம் கறுத்தது. அவன் விசில் ஊதுவதற்குள் மழை வந்து மூடிவிட்டது. படகின் முன்பக்கம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

"அனிபால் மெஹியா."

பதில் இல்லை. வழக்கம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

"அனிபால் மெஹியா."

அலை படகைத் தூக்கிப் போட்டது. மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்றுமில்லை. மழைச் சத்தம் மட்டும்தான்.

அதன் பிறகு அவன் எத்தனை முறை கத்தினான் என்று அவனுக்கே தெரியாது. இந்தப் பக்கம் ஓடி ஒரு தடவை, அந்தப் பக்கம் ஓடி ஒரு தடவை. குரல் உடைந்து அழுகையாக வந்தது. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதிக்கப் போனான்.

"இருக்கேன் தம்பி."

படகின் மூக்குக்கு அடியில், நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெரியவர் தொங்கிக்கொண்டிருந்தார்.

ஆர்லன் அவரை இழுத்துப் படகில் போட்டான். "எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா உங்களுக்கு?"

"பதினோரு தடவை," என்றார் அவர்.

அவனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எண்ணிக்கிட்டு இருந்தீங்களா? செத்தே போயிட்டீங்கன்னு நெனச்சேன்யா. போதும். அடுத்த வருஷம் இந்தப் பக்கம் வராதீங்க. நானே முதலாளிகிட்டச் சொல்லிடறேன்."

பெரியவரின் முகம் சுருங்கிப்போயிற்று. "அப்படிச் சொல்லிடாதப்பா. எனக்கு இத விட்டா வேற இடம் இல்ல."

"அப்ப எனக்குப் பதில் சொல்லுங்க. காது நல்லா கேக்குது. கூப்பிட்டதும் ஒரு வார்த்தை சொன்னா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?"

மழை தலையில் கொட்ட, பெரியவர் குனிந்து தன் ஈரக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல எல்லாருக்கும் நான் லிசென்சியாடோதான். என் பேரைச் சொல்லிக் கூப்பிட இருந்தவளும் போயிட்டா," என்றார். "முதல் தடவையே பதில் சொல்லிட்டா, நீ மறுபடி கூப்பிட மாட்டியே தம்பி."